தலைகீழ் மரமும் தடுமாறாத் தேடலும்

தோட்டத்து மரத்திற்கு வேர் கீழே, கிளைகள் மேலே. கணிப்பொறியறிஞர் வரையும் மரத்திற்கோ வேர் மேலே, கிளைகள் கீழ்நோக்கி விரியும். வேர், கிளை, கணு, இலை என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களே அம்மரத்தின் உறுப்புகளுக்கும் பெயராகின்றன. இத்தலைகீழ் மரங்கள் செழித்து வளரும் இடங்களுள் ஒன்று, கணிப்பொறி இயக்க முறைமையின் 'கெர்னல்' என்னும் பகுதியாகும்.

கெர்னல் என்னும் ஆங்கிலச் சொல் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிப்பது. ஓட்டுக்குள் பருப்பு மறைந்திருப்பது போல, நாம் திரையில் காணும் படங்களுக்கும் எழுத்துகளுக்கும் பின்னே மறைந்திருந்து அனைத்தையும் நடத்துவது இக்கெர்னலே. எந்த நிரல் எப்பொழுது இயங்க வேண்டும், நினைவகத்தின் எப்பகுதி எதற்கு உரியது, வலைவழி வந்த செய்தி எவரைச் சேர வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது அதுவே. இம்முடிவுகள் பலவற்றிற்கு முன்னே ஒரு தேடல் நிகழ்கிறது. அத்தேடல் தாமதித்தால் கணிப்பொறி தாமதிக்கும். அத்தேடல் பிழைத்தால் கணிப்பொறியே நின்றுவிடக் கூடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் மாணவராக இருந்தபோது 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் மூல நிரல் எவரும் படிக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் உள்ளே இயங்குவதும் அதுவே. அக்கெர்னலில் சமநிலை இருகிளை மரங்கள் செய்யும் தொண்டு இரண்டு. ஒன்று, வேண்டிய ஒன்றைத் தேடிக் காணுதல். மற்றொன்று, எல்லாவற்றையும் வரிசையாகச் சென்று காணுதல். முன்னதைத் தேடல் என்றும், பின்னதை உலா என்றும் வழங்குவோம். இவ்விரண்டும் ஒரே மரத்தில் நிகழினும் இவற்றின் செலவு வேறு, இடர் வேறு என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகராதி காட்டும் வழி

ஒரு லட்சம் சொற்கள் கொண்ட அகராதியில் ஒரு சொல்லைத் தேடுகிறோம். முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து வருபவர் எவருமிலர். நடுவே பிரிக்கிறோம், நாம் தேடும் சொல் அதற்கு முன்னதா, பின்னதா என்று நோக்குகிறோம், ஒரு பாதியை விட்டு மறுபாதிக்குள் மீண்டும் நடுவே பிரிக்கிறோம். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடுவதால் 17 முறை ஒப்பிட்டால் போதும். லட்சம் சொற்களுள் எதனையும் கண்டுவிடலாம். பத்து லட்சமாயினும் 20 முறையே.

இவ்வழியை மரமாக அமைத்ததே இருகிளை மரம். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண் இருக்கும். அதனினும் சிறியவை யாவும் இடக்கிளையில். பெரியவை யாவும் வலக்கிளையில். 1 முதல் 7 வரையுள்ள எண்களை இவ்வாறு அமைப்போம். வேரில் 4. அதன் இடப்பிள்ளை 2, வலப்பிள்ளை 6. இரண்டின் கீழ் 1, 3. ஆறின் கீழ் 5, 7. ஐந்தைத் தேடுவோர் நான்கைக் கண்டு வலம் திரும்பி, ஆறைக் கண்டு இடம் திரும்பி, ஐந்தை அடைவர். மூன்றே ஒப்பீடுகள்.

இவ்வாறு படிப்படியாக விடை காணும் முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் நாவில் திரிந்து இச்சொல்லாயிற்று என்பது ஈண்டு நினையத்தக்கது.

ஒருபுறம் சாயும் மரம்

அகராதி அச்சான பின்னர் மாறுவதில்லை. கெர்னலின் மரமோ கணந்தோறும் மாறுவது. புதியன வந்து சேரும், பழையன நீங்கும். அங்குதான் சிக்கல் பிறக்கிறது.

மேற்கூறிய ஏழு எண்களும் 1, 2, 3 என்று ஏறுவரிசையிலேயே வந்து சேர்வதாகக் கொள்வோம். ஒன்று வேராகும். இரண்டு அதன் வலப்புறம் அமரும். மூன்று இரண்டின் வலப்புறம். ஏழு வரை இவ்வாறே வலப்புறமாகவே தொங்கிச் செல்லும். பெயர் மரம், உருவம் சங்கிலி. ஏழைக் காண ஏழு ஒப்பீடுகள் வேண்டும். பத்து லட்சம் கணுக்களாயின், 20 ஒப்பீட்டில் முடிய வேண்டிய தேடல் பத்து லட்சம் ஒப்பீடுகளாக நீளும்.

இது கற்பனையில் மட்டும் நேர்வதன்று. கெர்னலில் வந்து சேர்பவை ஏறுவரிசையில் வருவதும் உண்டு. நேரம் முன்னோக்கியே ஓடுவது. ஆதலின் நேரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தும் மரத்தில் புதியன யாவும் வலப்புறமே சேர முற்படும். அன்றியும், வெளியிலிருந்து தீயோன் ஒருவன் வேண்டுமென்றே ஏறுவரிசையில் செய்திகளை அனுப்பி மரத்தைச் சாய்க்கவும் கூடும். 'பெரும்பாலும் விரைவாக முடியும்' என்னும் ஆறுதல் கெர்னலுக்குப் போதாது. 'எந்நிலையிலும் இவ்வளவிற்கு மேல் ஆகாது' என்னும் உறுதியே வேண்டும். அவ்வுறுதியைத் தருவதுதான் சமநிலை.

சிவப்பும் கறுப்பும்

சமநிலை மரத்தை முதன்முதலில் வகுத்தளித்தவர்கள் சோவியத் கணித அறிஞர்களான அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் ஆவர். ஆண்டு 1962. அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் அம்மரம் ஏ.வி.எல். மரம் எனப்படுகிறது. எந்தக் கணுவிலும் இடக்கிளையின் உயரமும் வலக்கிளையின் உயரமும் ஒன்றுக்கு மேல் வேறுபடலாகாது என்பது அதன் விதி. லினக்ஸ் கெர்னலும் தொடக்கக் காலத்தில் நினைவகப் பகுதிகளைக் குறித்து வைக்க இம்மரத்தையே கையாண்டது.

1972-இல் ருடால்ஃப் பேயர் என்னும் ஜெர்மானிய அறிஞர் மற்றொரு வகையைக் கண்டார். அதனை 1978-இல் கிபாஸ், செட்ஜ்விக் ஆகிய இருவரும் செம்மைப்படுத்தி, கணுக்களுக்குச் சிவப்பு, கறுப்பு என இரு நிறங்களைச் சூட்டினர். சிவப்பு-கறுப்பு மரம் எனப்படும் அதன் விதிகளுள் தலையாயவை மூன்று.

ஒன்று: வேர் கறுப்பாக இருத்தல் வேண்டும்.

இரண்டு: சிவப்புக் கணுவிற்குச் சிவப்புப் பிள்ளை இருத்தலாகாது.

மூன்று: வேரிலிருந்து எவ்வழியாக இறங்கினும், முடிவை அடையும் வரை எதிர்ப்படும் கறுப்புக் கணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இவ்விதிகளால் விளையும் பயன் யாது? மிகக் குறுகிய வழியில் கறுப்புகள் மட்டுமே இருக்கலாம். மிக நீண்ட வழியில் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி வரலாம். ஆகவே நீண்ட வழி, குறுகிய வழியினும் இரு மடங்கிற்கு மேல் போக இயலாது. பத்து லட்சம் கணுக்கள் கொண்ட மரத்திலும் 40 படிகளுக்குள் எதனையும் காணலாம். முழுமையான சமநிலை அன்று. ஆயினும் போதுமான சமநிலை.

விதி மீறப்படும்போது மரத்தைச் சீர்செய்யும் செயல் 'சுழற்சி' எனப்படும். ஒன்றின் வலப்புறம் இரண்டும், இரண்டின் வலப்புறம் மூன்றுமாகத் தொங்கும் சங்கிலியில், இரண்டை மேலே உயர்த்தி ஒன்றை அதன் இடப்பிள்ளையாக இறக்கினால் மரம் நிமிர்ந்துவிடும். உருவம் மாறினும் 1, 2, 3 என்னும் வரிசை மாறுவதில்லை என்பதே சுழற்சியின் சிறப்பு. புதுக்கணு சிவப்பாகவே சேர்க்கப்படும். அதனால் மூன்றாம் விதி கெடுவதில்லை. ஒரு கணுவைச் சேர்க்கும்போது மிகுதியாக இரண்டு சுழற்சிகளும், நீக்கும்போது மூன்று சுழற்சிகளும் போதும். எஞ்சியவை நிறமாற்றத்தால் சரியாகும். ஏ.வி.எல். மரம் இதனினும் சற்றே உயரம் குறைந்தது, தேடலுக்கு ஏற்றது. ஆயினும் ஒரு கணுவை நீக்கினால் அடியிலிருந்து வேர் வரை சுழற்சிகள் தொடர நேரலாம். அடிக்கடி மாறும் மரத்திற்குச் சிவப்பு-கறுப்பு முறை பொருந்துவது இதனாலேயே.

கெர்னலில் மரம் நட்ட முறை

லினக்ஸ் கெர்னலின் சிவப்பு-கறுப்பு மர நிரலை 1999-இல் முதலில் எழுதியவர் இத்தாலியரான ஆந்த்ரேயா ஆர்காஞ்சலி. அதன் அமைப்பில் நாம் அறிய வேண்டுவன சில உள.

முதலாவது, மரம் பொருள்களைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. பொருளுக்குள்தான் கணு வைக்கப்படுகிறது. சட்டையில் பொத்தான் தைக்கப்பட்டிருப்பது போல ஒவ்வொரு பொருளினுள்ளும் ஒரு கணு தைக்கப்பட்டிருக்கும். மரம் அறிவது பொத்தானை மட்டுமே. பொத்தானிலிருந்து சட்டையின் தொடக்கம் எவ்வளவு தொலைவு என்பது முன்னரே தெரியுமாதலால், அத்தொலைவைக் கழித்துப் பொருளை அடைந்துவிடலாம். இதனால் கணுவுக்கெனத் தனியே நினைவகம் கேட்டு நிற்க வேண்டுவதில்லை. இரு பொத்தான்கள் தைத்தால் ஒரே பொருள் இரு மரங்களில் இடம்பெறவும் இயலும்.

இரண்டாவது, தேடும் நிரலை மரத்திடம் எதிர்பார்ப்பதில்லை. பயன்படுத்துவோரே எழுதிக்கொள்வது வழக்கம். எதனோடு எதனை ஒப்பிடுவது என்பதை அவரே அறிவார். ஒவ்வொரு படியிலும் ஒப்பீட்டிற்கென வேறொரு செயற்கூறை அழைத்து மீளும் காலம் இதனால் மிஞ்சுகிறது. பூட்டிக் காப்பதும் பயன்படுத்துவோர் கடமையே.

மூன்றாவது, நிறத்தைக் குறிக்கத் தனி இடமில்லை. கணுவின் முகவரி எப்பொழுதும் 4 அல்லது 8-ஆல் வகுபடும் எண்ணாகையால் அதன் கடைசி இலக்கங்கள் சுழியமாகவே இருக்கும். பயனின்றிக் கிடக்கும் அவற்றுள் ஒன்றில், தாய்க்கணுவின் முகவரியோடு சேர்த்தே, நிறம் எழுதப்படுகிறது. எழுத்தின் தலையில் இடும் புள்ளி தனி இடம் கொள்ளாமலே உயிர்மெய்யை மெய்யாக்குவது போன்றதே இது. தாய், இடப்பிள்ளை, வலப்பிள்ளை ஆகிய மூன்று சுட்டிகளும் நிறமும் சேர்ந்து 64 பிட் கணிப்பொறியில் 24 பைட்டுகளுள் அடங்கிவிடுகின்றன.

2007-இல் இங்கோ மோல்னார் உருவாக்கி, 2.6.23 பதிப்பில் இடம்பெற்ற பணிப் பங்கீட்டு முறை இம்மரத்தின் புகழை உயர்த்தியது. எந்நிரல் செயலியின் நேரத்தைக் குறைவாகப் பெற்றுள்ளதோ அது மரத்தின் இடக்கோடியில் இருக்கும். அடுத்த வாய்ப்பு அதற்கே. ஓடி முடித்தது தான் துய்த்த நேரத்திற்கேற்ப வலப்புறம் சென்று அமரும். 2023-இல் வெளியான 6.6 பதிப்பில் தேர்வு விதி மாறியது. ஆயினும் காத்திருப்போரை வரிசைப்படுத்துவது சிவப்பு-கறுப்பு மரமே.

உலா வரும் வழி

இனி உலாவைக் காண்போம். வகுப்பறையில் மரத்தைச் சுற்றிவரக் கற்பிக்கும் முறை, தன்னைத் தானே அழைக்கும் நிரலாகும். அம்முறையில் வந்த வழியை நினைவில் வைக்க ஒவ்வொரு படியிலும் அடுக்குநினைவகம் செலவாகும். கெர்னலில் அவ்வடுக்கு மிகச் சிறியது; 64 பிட் இன்டெல் வகைக் கணிப்பொறியில் 16 கிலோபைட் மட்டுமே. ஆகவே, வந்த வழியை நினைவில் வைக்காமலே அடுத்த கணுவைக் காணும் வழி தேவையாகிறது. தாய்க்கணுவைச் சுட்டும் சுட்டி அதற்கே உதவுகிறது.

விதி எளிது. நாம் நிற்கும் கணுவிற்கு வலப்பிள்ளை இருப்பின், ஒருமுறை வலம் சென்று, பின்னர் இயலும் வரை இடமாகவே இறங்குக, அங்குள்ளதே அடுத்தது. வலப்பிள்ளை இல்லையெனில் மேலே ஏறுக. இடப்பிள்ளையாக இருந்து எந்தத் தாயை அடைகிறோமோ அத்தாயே அடுத்தது.

நம் ஏழு கணு மரத்தில் பார்ப்போம். நான்கில் நிற்கிறோம். வலப்பிள்ளை ஆறு, அங்கிருந்து இடமாக இறங்கினால் ஐந்து. மூன்றில் நிற்கிறோம். வலப்பிள்ளை இல்லை. ஏறினால் இரண்டு, ஆனால் மூன்று அதன் வலப்பிள்ளை, ஆகவே இன்னும் ஏறுக. இரண்டு நான்கின் இடப்பிள்ளை. ஆகவே அடுத்தது நான்கு. ஏழிலிருந்து ஏறினால் வேரையும் கடந்து மேலே எவருமில்லை, உலா நிறைவுற்றது. மரத்தில் உள்ள ஆறு கிளைகளையும் இறங்க ஒருமுறை, ஏற ஒருமுறை என 12 அடிகளில் கடந்துவிட்டோம். எனவே முழு உலாவின் செலவு கணுக்களின் எண்ணிக்கையோடு வளரும். பத்து லட்சம் கணுக்களில் தேடலுக்கு 40 படிகள் போதும். உலாவுக்கோ ஏறத்தாழ இருபது லட்சம் அடிகள். சமநிலை தேடலைச் சுருக்குமேயன்றி உலாவைச் சுருக்காது.

உலாவில் நேரும் இடர்

உலா வரும்போதே சில கணுக்களை நீக்க நேரின் எச்சரிக்கை தேவை. நிற்கும் கணுவை நீக்கி, அதன் நினைவகத்தையும் விடுவித்த பின்னர், 'இதற்கு அடுத்தது எது?' என்று அதனிடமே கேட்பது, இடித்த படிக்கட்டில் கால் வைப்பதற்கு ஒப்பாகும். அவ்விடம் அதற்குள் வேறொருவருக்கு வழங்கப்பட்டிருக்கலாம். ஆதலின் அடுத்ததை முன்னரே கேட்டு வைத்துக்கொண்டு, அதன்பின் நிற்பதை நீக்குதல் முறை. மரம் முழுவதையும் அழிப்பதாயின் பிள்ளைகளை முதலிலும் தாயைப் பின்னரும் விடுவித்தல் வேண்டும். அழியப்போகும் மரத்தைச் சமநிலைப்படுத்தும் வீண்செலவும் இதனால் இல்லை.

முன்னரே கேட்டு வைத்த அடுத்த கணுவும் நாம் பூட்டைக் கையில் வைத்திருக்கும் வரையில்தான் நம்பத்தக்கது. நடுவே பூட்டை விட்டுவிட்டால் அதனையும் பிறர் நீக்கியிருக்கக் கூடும். அந்நிலையில் கணுவை நினைவில் கொள்வதினும் எண்ணை நினைவில் கொள்வதே மேல். மீண்டும் பூட்டைப் பெற்று, 'இவ்வெண்ணினும் பெரியவற்றுள் முதலாவது எது?' என்று வேரிலிருந்து தேடினால் உலாவைத் தொடரலாம். பூட்டே இன்றித் தேடுவோர்க்குச் சுழற்சியின் நடுவே ஒரு கிளை முழுவதுமே கண்ணில் படாமற் போகலாம். அவர் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிராதபடி மட்டுமே லினக்ஸ் நிரல் காக்கிறது. ஆகவே, 'கண்டேன்' என்னும் விடையை ஏற்கலாம். 'இல்லை' என்னும் விடையைப் பூட்டிட்டு மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

இரண்டு படிப்பினைகள்

இவ்வேறுபாடுகளை மறந்தால் நேர்வது யாது என்பதற்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

வலையில் வரும் செய்திப் பொதிகள் வரிசை மாறி வருவதுண்டு. முன்னே வந்துவிட்ட பொதிகளை, இடையில் உள்ளவை வரும் வரை வரிசை எண்படி காத்து வைக்க, 2016 டிசம்பரில் வெளியான 4.9 பதிப்பு முதல் சிவப்பு-கறுப்பு மரம் பயன்பட்டது. உரிய இடத்தைத் தேடுவது விரைவாயிற்று. ஆனால் இடம் நிரம்பும்போது பொதிகளைச் சேர்த்து இறுக்கவும் கழிக்கவும் மரம் முழுதும் உலா வர வேண்டியிருந்தது. மிகச் சிறிய பொதிகளை வரிசை மாற்றி அனுப்பி, வரும் ஒவ்வொரு பொதிக்கும் அம்முழு உலாவை நிகழச் செய்து கணிப்பொறியைத் திணறடிக்கலாம் என்பது 2018-இல் வெளிப்பட்டது. இதற்குச் 'செக்மென்ட்ஸ்மாக்' என்று பெயரிட்டனர். தீர்வு எளியது. ஒருமுறை கழிக்கத் தொடங்கினால் ஏற்பு இடத்தின் எட்டில் ஒரு பங்கேனும் காலியாகும்படி கழித்தல். பயன் சிறிதாயின் இறுக்க முயலாது விடுதல். மரத்தில் குறையில்லை. உலாவை ஒவ்வொரு பொதிக்கும் நிகழவிட்டதே குறை.

மற்றொன்று, 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் நினைவகப் பகுதிகளுக்கான சிவப்பு-கறுப்பு மரம் நீக்கப்பட்டு, 'மேப்பிள் மரம்' இடம்பெற்றமை பற்றியது. அம்மரத்தில் ஒரு கணுவிலேயே பல எண்கள் அமையும். ஒரு கணு 256 பைட். ஆதலின் படிகள் குறையும். பூட்டின்றிப் படிக்கவும் வழியுண்டு. ஆனால் 2023-இல் அதில் ஒரு வழு கண்டறியப்பட்டது. 'ஸ்டாக்ராட்' எனப்பட்ட அவ்வழுவினால், படிப்போர்க்குரிய பூட்டை மட்டும் வைத்துக்கொண்டே ஒருவர் பழைய கணுவை நீக்கிப் புதியதை வைக்க, மற்றொருவர் விடுவிக்கப்பட்ட பழைய கணுவையே படித்துக்கொண்டிருக்கும் நிலை ஏற்பட்டது. இதனைக் கொண்டு சாதாரணப் பயனர் ஒருவர் கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயலும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது. மரத்தை மாற்றுவோர் எழுதுவோர்க்குரிய பூட்டைப் பெற்றே மாற்ற வேண்டும் என்று விதியை இறுக்கி அவ்வாண்டிலேயே திருத்தினர்.

நிறைவாக

சாய்ந்த பின்னர் மரத்தை வெட்டிப் புதிதாக நடுவதில்லை சிவப்பு-கறுப்பு முறை. ஒவ்வொரு வரவிலும் ஒவ்வொரு நீக்கத்திலும் இரண்டொரு சுழற்சியால் அவ்வப்போதே நிமிர்த்திக்கொள்கிறது. அதனாலேயே பத்து லட்சத்திலும் நாற்பது படிக்குள் விடை கிடைக்கிறது. ஆனால் மரம் அளிக்கும் உறுதி தேடலுக்கு மட்டுமே. எத்தனை முறை உலா வருவது, எப்பொழுது பூட்டுவது, எதை விடுவதற்கு முன் எதைப் பற்றுவது என்பன நடப்பவரின் பொறுப்பு. மேலே கண்ட இரண்டு வழுக்களும் மரத்தின் சமநிலை குலைந்ததால் நேர்ந்தவை அல்ல. நடந்தவரின் ஒழுங்கு தவறியதால் நேர்ந்தவை.

கணு, வேர், சுட்டி, சுழற்சி, உலா எனத் தமிழில் முன்னரே உள்ள சொற்களே இந்நுட்பத்தை விளக்கப் பெரிதும் போதுமானவையாக அமைந்ததை இக்கட்டுரை வழியே கண்டோம். தமிழ் பயிலும் மாணவரும் கணிப்பொறி பயிலும் மாணவரும் ஓரிடத்தில் அமர்ந்து, ஒரு தாளில் ஏழு கணுக்கள் கொண்ட மரமொன்றை வரைந்து, ஒன்று முதல் ஏழு வரை விரலால் உலா வந்து பார்ப்பாராயின், இங்குச் சொன்னவை யாவும் அவர்க்குத் தாமே விளங்கும்.